கேமராவைப் பார்த்த குற்றம்

"மேடம், எனக்குன்னு ஒரு ஸ்டைல் வந்துடுச்சா, இல்லையா?"

தணிகைவேலுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருடம் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றவர். போன வருடம் அந்த வேலையை உதறிவிட்டு, திருச்சி தென்னூரில் நஸீமாவிடம் போட்டோகிராஃபி படிக்கச் சேர்ந்தார்.

நஸீமாவுக்கு முப்பத்திரண்டு. வயதில் பெரியவராயிற்றே என்று மாணவரை அவள் 'சார்' என்பாள். குருவாயிற்றே என்று அவர் 'மேடம்' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்றே புரியாது.

"எதுக்கு சார் கேக்குறீங்க?"

"விசிட்டிங் கார்டு அடிக்கணும். பேருக்குக் கீழ என்ன போடறதுன்னு தெரியல. வீட்டுலயும் கேக்குறாங்க, 'இப்ப நீங்க யாரு'ன்னு."

நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த ஆளை வீடு வேறு என்ன கேட்கும்?

நஸீமா கையை நீட்டினாள். அவர் ஆல்பத்தைக் கொடுத்தார். தனியாக அவர் எடுத்த முதல் கல்யாணம்.

அவள் நிதானமாகப் புரட்டினாள். வளையல். மருதாணிக் கை. ஜன்னலோரம் முதுகு. ஹோமப் புகைக்குள் கலங்கலாக ஏதோ. நானூறு படத்தில் முழு முகம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். முகத்தைக் காட்டினால் அது பாஸ்போர்ட் போட்டோ ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

ஒரு படத்தில் நிறுத்தினாள். பின்னால் பளீரென்று வெளிச்சம். முன்னால் கன்னங்கரேலென்று ஒரு பெண் உருவம், கையில் தட்டு.

"இது யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா. தாலி எடுத்துக் குடுக்குறாங்க. இதுதான் மேடம் என்னோட பெஸ்ட்."

"உங்களுக்கு ஸ்டைல் வந்துடுச்சான்னு அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க."

"அவங்களுக்கு என்ன மேடம் தெரியும்?"

நஸீமா ஆல்பத்தை மூடி அவர் கையில் வைத்துவிட்டு, டீ வாங்கக் கிளம்பிவிட்டாள்.

*

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே மண்ணச்சநல்லூர் போனார் தணிகைவேல். பாராட்டு கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் டிக்கெட் எடுக்கக்கூட மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் செங்கமலம். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார்.

"அருமையா இருக்கு தம்பி. யாரு இது?"

"நீங்கதாம்மா."

"நானா?"

"நீங்க தாலி எடுத்துக் குடுத்த நேரம்."

செங்கமலம் மறுபடியும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி எங்க தம்பி?"

"மூஞ்சியை வேணும்னேதான் இருட்டுல விட்டேம்மா. அதுதான் என்னோட ஸ்டைல்."

செங்கமலம் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து ஒரு கல்யாணத்துலயும் நான் முன்னாடி நின்னதில்ல. சமையக்கட்டுல நிப்பேன். பந்தி போடற இடத்துல நிப்பேன். ஆள் தெரியாம நிக்கறது எனக்குப் பழகிப்போச்சு."

தணிகைவேல் சுவரோரம் இருந்த அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்தார்.

"எம்மவன் குமரகுரு, அம்மா எடுத்துக் குடுத்தாத்தான் தாலி கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கோவிச்சுக்கிட்டு மண்டபத்தை விட்டே போனாரு. போனா போறாருன்னு நான் எடுத்துக் குடுத்தேன். அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு, தலை நிறைய பூ வச்சுக்கிட்டு."

"சொந்தக்காரங்க போன்ல எடுத்திருப்பாங்களேம்மா?"

"எடுத்தாங்க. ஒருத்தர் விடாம, நான் வராத மாதிரி ஒதுக்கி எடுத்திருக்காங்க. என் கைதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

"ஒரு படம் நடுவீட்டுல மாட்டணும்னு ஆசை தம்பி. வர்றவங்க பாக்கணும். அந்தப் பெரிய மனுஷனும் ஒரு நாள் வருவாருல்ல, அவரும் பாக்கணும். இது செங்கமலம்னு தெரியணும்."

தணிகைவேல் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"பரவால்ல விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? உக்காருங்க, காப்பி போடறேன்."

பாலிசி விற்ற காலத்தில் அவர் வாங்காத திட்டில்லை. கதவைச் சாத்தியிருக்கிறார்கள், நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். இந்த ஒரு 'பரவால்ல'யை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

*

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் மேடம்." நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. "அந்த நிமிஷம் ஒரு தடவைதான் மேடம் வரும். திரும்ப எடுக்க முடியாது. பாவி, அதை இருட்டாக்கி வச்சிருக்கேன். எனக்கு ஸ்டைலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பழைய வேலையையே போய்க் கேக்கறேன்."

"கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு எத்தனை படம் எடுத்தீங்க?"

"மூவாயிரத்துக்கு மேல."

"ஆல்பத்துல நானூறு. மிச்சம்?"

"குப்பை மேடம்."

"அழிச்சுட்டீங்களா?"

"இல்ல." பாலிசிக்காரர் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடமாட்டார். கம்ப்யூட்டரில் 'குப்பை' என்றே பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார்.

"ஏன் குப்பைன்னு தள்ளுனீங்க?"

"வெளிச்சம் பாக்கறதுக்காகச் சும்மா எடுத்தது கொஞ்சம். மீதியெல்லாம் ஆளுங்க கேமராவைப் பார்த்துட்டாங்க. நான் எடுக்கறது கேண்டிட் மேடம். எடுக்கறது தெரியாத மாதிரி இருக்கணும். கேமராவைப் பார்த்துட்டா அந்தப் படம் செத்துது."

"யாரு சொன்னா?"

"யூடியூப்ல..."

நஸீமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில அந்தம்மாவையும் குப்பையையும் கூட்டிக்கிட்டு வாங்க."

*

செங்கமலம், மகன் வாங்கிக் கொடுத்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். நஸீமா அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வரும் என்று காட்டினாள்.

"நீங்க பாருங்கம்மா. பிடிச்சதுல நிறுத்துங்க. சார், நீங்க பின்னாடி நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

தணிகைவேல் நின்றார். தன் குப்பையை இன்னொருவர் கிளறும்போது நிற்பது லேசில்லை.

முதலில் இருட்டுப் படங்கள். பிறகு காலியான மேடை. பிறகு மேடையில் செங்கமலம், வெளிச்சம் சரிபார்ப்பதற்காக நிறுத்தியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி கேமராவைப் பார்க்கிறார்.

அழுத்திய விரல் நின்றது.

"ஐயோ, நானா இது?"

அடுத்தது. பூவைச் சரிசெய்தபடி, "சரியா இருக்கா?" என்று கேட்பது போலப் பார்க்கிறார். அடுத்ததில் குமரகுரு அம்மாவின் தோளில் கை போட்டிருக்கிறான், இருவரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். அதற்கடுத்து நாதஸ்வரக்காரர், மணப்பெண்ணின் தாத்தா, சமையல் ஆட்கள். எல்லாரும் பார்க்கிறார்கள். யாரும் விறைப்பாக இல்லை. தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

தணிகைவேல் இந்தப் படங்களை இதற்கு முன் நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. குப்பை என்று தள்ளியதோடு சரி.

பிறகு அந்தப் படம் வந்தது.

அரக்குப் பட்டு. தலை நிறைய மல்லிகை. இரண்டு கையிலும் தாலித் தட்டு. வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். செங்கமலம் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கண் நிறைந்திருக்கிறது. ஆனால் முகத்தில் பயமே இல்லை.

செங்கமலம் விரலை நீட்டித் திரையில் இருந்த தன் முகத்தைத் தொட்டார்.

தணிகைவேலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தட்டைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கியது. சாவு வீடு சாவு வீடாகப் போய் கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியவருக்கு நடுங்குகிற கை புதிதல்ல. தன்னை அறியாமல் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் திரும்பினார். இவர் பொத்தானை அழுத்தினார். 'கேமராவைப் பார்த்துட்டாங்களே' என்று அலுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளிப் போய்ப் பின்வெளிச்சத்தில் அந்தக் கறுப்பு உருவத்தை எடுத்தார்.

"இது போதும்," என்றார் செங்கமலம். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இதை மாட்டிருவேன். எவன் வேணா வந்து பாக்கட்டும்."

பிறகு ஏதோ யோசித்தவராகத் திரும்பி, தணிகைவேலை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அன்னைக்கு உங்ககூட வேற ஒரு ஆள் வந்திருந்தாரா?"

"ஏம்மா?"

"தட்டைத் தூக்குனப்ப எனக்குக் கை உதறுச்சு. கீழ போட்டுருவேனோன்னு நெனச்சேன். அப்ப ஒருத்தர் 'மெதுவாம்மா, யாரும் உங்களை அவசரப்படுத்தல'ன்னாரு. அப்புறந்தான் கை நின்னுச்சு. மூஞ்சி தெரியல, கேமராதான் மறைச்சுது." திரையைக் காட்டினார். "இதையெல்லாம் அவருதான் எடுத்திருக்கணும். நீங்க எடுக்கறது வேற மாதிரியில்ல இருக்கு?"

நஸீமா பதில் சொல்ல வாயெடுத்தாள். தணிகைவேல் வேண்டாம் என்று கை காட்டினார்.

"அவரை நான் பாக்கணுமே தம்பி. எங்க இருக்காரு?"

"இன்னைக்குத்தாம்மா வேலைக்குச் சேர்ந்திருக்காரு," என்றார் தணிகைவேல்.