ஆளில்லாத வீட்டுக்கு ஒரு கேமரா

தூத்துக்குடியில் கேமரா கடை வைத்திருந்த அருளப்பனுக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. ஒருநாள் தையல்காரி பிலோமினா வந்தாள். ஜாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுத்து வீடியோ போட அவளுக்கு ஆசை.

"இதுதான் எனக்கு முதல் கேமரா. வீடியோதான் எடுக்கணும், அண்ணாச்சி."

அருளப்பன் இருப்பதிலேயே பெரிய டி.எஸ்.எல்.ஆர் கேமராவைத் தூக்கி வைத்தார். "இதுல ஒரு குறை சொல்லிட்டா கடையையே மூடிருதேன்!"

"குறை சொல்ல எனக்கு என்ன தெரியும்? இதுல உங்களையே எடுத்துக் காட்டுங்க, பார்ப்போம்."

"யாருல அங்க?" என்று அவர் படம்பிடிக்கக் கடை ஆளைக் கூப்பிட்டார்.

"ஆள் வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டுல கூப்பிட்டா வர யாரும் இல்ல."

அவரே கேமராவை நிறுத்தி, பொத்தானை அமுக்கி, ஓடிப்போய் எதிரே நின்று மீசையை முறுக்கிப் பேசினார். போட்டுப் பார்த்தால் கழுத்துக்கு மேலே காணோம். பின்சுவர்க் காலண்டர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கடையே சிரித்தது.

பிலோமினா ஓரத்திலிருந்த சின்னக் கேமராவைக் காட்டினாள். அதன் திரையை வெளியே இழுத்து முன்பக்கம் திருப்பலாம். எடுக்கும்போதே முகம் தெரியும்.

"இது போதும். நீங்க கடையை மூட வேண்டாம்."

வீட்டில் தையல் மிஷினுக்கு எதிரே அதை வைத்துத் திரையைத் திருப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு முகம் அவளைப் பார்த்தது.

"வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று பாடத்தைத் தொடங்கினாள்.