இலையோடு எழுதல்

“அம்மா, ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பலம் இருந்தா போதும்?”

கேட்டவர் ஆவுடைநாயகம். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அரசு ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிச் சான்றிதழின்படி வயது அறுபத்து நான்கு. அவருடைய தாயார் சொன்ன கணக்கில் அறுபத்தாறு. முழங்கால்கள் தாயார் கட்சி.

குன்றடி மடத்தின் தலைவி சிவஞானத்தம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“எதைத் தூக்கணும்?”

“என் சம்சாரத்தை.”

அரிவாள்மணையில் கை நின்றது.

போன ஐப்பசியில் காந்திமதி அடுப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் கணவரால் அவரைத் தூக்க முடியவில்லை. தூக்கப் போய் அவரும் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் இருவரும் தரையில் இருந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிலிண்டர் போட வந்தவர் இருவரையும் தூக்கிவிட்டார். சிலிண்டரையும் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆவுடைநாயகம் ஜிம்மில் சேர்ந்தார்.

“ஏழு மாசம் ஆச்சும்மா. இப்போ அறுபது கிலோ தூக்குறேன். அவ அறுபத்தெட்டு. ஜிம்முல ‘இன்னும் ஏத்துங்க சார்’ங்கிறாங்க. டாக்டர் ‘முட்டை சாப்பிடுங்க, நடங்க’ங்கிறார். என் மச்சான் ‘இந்த வயசுல மூச்சுப் பயிற்சி போதும், மத்ததெல்லாம் ஆட்டம்’ங்கிறான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தசை கரையுது, கரையுதுன்னே போட்டிருக்கு. எதை நம்புறது?”

இந்த விஷயத்தில் நூல்கள் ஏராளம். ஒவ்வொன்றும் முந்தையதை மறுக்கும். இதற்கு இணையான சண்டை இலக்கண உரைகாரர்களிடம்தான் உண்டு. அவர்களில் யாரும் எடை தூக்கியதாகக் குறிப்பு இல்லை.

“அவங்க எப்படி இருக்காங்க?” என்றார் அம்மாள்.

“ராணி மாதிரி வெச்சிருக்கேன். சமைக்க ஆள், பெருக்க ஆள். தண்ணி கட்டில் பக்கத்துலயே. ஒரு துரும்பைத் தூக்க விடறதில்ல. பாத்ரூமுக்குக்கூட நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போறேன்.”

“அப்புறமும் பயமா?”

“முன்னைவிட அதிகமா. இப்பல்லாம் சும்மா நிக்கும்போதே ஆடறா. அதுதான் புரியல.”

“சாப்பிட்டுப் பேசலாம்.”

மடத்தில் பந்தி தரையில். சாப்பிட்டவர் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழ வேண்டும். வலது கை எச்சில். இடது கையில் இலை. எந்தக் கை தரையில் பட்டாலும், பட்டவர் பந்திக்கூடம் முழுவதையும் துடைக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. நல்ல முழங்கால் உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்து ஆவுடைநாயகம் எழ முயன்றார். முன்னே சாய்ந்தார். பின்னே சாய்ந்தார். இலையை ஏந்தியபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இப்பதானே சார் அறுபது கிலோன்னீங்க?” என்றார் அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த தபால்காரர்.

“அதுக்குக் கைப்பிடி உண்டுய்யா,” என்றார் ஆவுடைநாயகம்.

கை தரையில் பட்டது.

கூடத்தைத் துடைத்தார். சின்னக் கூடம் அல்ல.

“நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க,” என்றார் அம்மாள்.

“அவளால தரையில உட்கார முடியாதும்மா. விழுந்துடுவா.”

“தரையில உட்கார்ந்தவங்க எங்கே விழுவாங்க?”

ஆவுடைநாயகம் துணியைப் பிழிந்து காயப் போட்டார்.

மறுநாள் காந்திமதி வந்தார். சுவரைப் பிடித்து, பெருமூச்சு விட்டு, உட்கார்ந்தார். ரசத்தை இரண்டு முறை வாங்கினார்.

“ஏழு மாசமா அந்தச் சமையல்காரி சாம்பாரைச் சாப்பிட்டு நாக்கே செத்துப்போச்சும்மா. இவர்கிட்ட சொன்னா, ‘உனக்கு ரெஸ்ட்டு வேணும்’ங்கிறார். நாக்குக்குமா ரெஸ்ட்டு?”

எழும்போது கை தரையில் பட்டது. இரண்டு கையும்.

அம்மாள் துடைக்கும் துணியை நீட்டினார்.

ஆவுடைநாயகம் பிடுங்கினார். “அவளுக்கும் சேர்த்து நானே துடைக்கிறேன்.”

“அவங்க பங்கு அவங்களுக்கு.”

“உங்களுக்கு இரக்கமே கிடையாதா? விழுந்து கிடந்தவம்மா அவ!”

அம்மாள் உள்ளே போனார். மடத்துப் பழைய தட்டுத் தராசை எடுத்துவந்து உத்திரத்துக் கொக்கியில் மாட்டினார். இடது தட்டில் ஒரு எடைக்கல்லை வைத்தார். அதன் மேல் இன்னொன்று. இன்னொன்று.

ஆவுடைநாயகத்துக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

“என்னம்மா இது, ஒரே தட்டுல ஏத்திக்கிட்டே போறீங்க! அந்தத் தட்டைப் பாருங்க, ஒண்ணுமே இல்லாம அந்தரத்துல—”

வலது தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். துணி அவர் கையிலிருந்து மனைவியின் கைக்குப் போனது.

புரிந்துவிட்டது என்று அன்று சாயங்காலம் நினைத்தார். காலையில் மறுபடி குழம்பியது. மடத்துக்கு ஓடினார்.

“அப்போ ஜிம்மை விட்டுடவா?”

“யார் விடச் சொன்னா?”

“சமையல்காரியை நிறுத்திடவா?”

“வீட்ல கேளுங்க.”

நாற்பத்தொரு வருஷ இல்லறத்தில் இந்த வழி அவருக்குத் தோன்றியதே இல்லை. கேட்டார். சமையல்காரி வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று தீர்ப்பானது. கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் செம்பு சமையலறைக்குத் திரும்பியது. காந்திமதி எழுந்து போய்க் குடித்தார். ஆவுடைநாயகம் இரண்டடி பின்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அறுபது கிலோவைவிட அது கனத்தது.

தினமும் மதியம் பந்திக்கு வந்தார்கள். தினமும் துடைத்தார்கள். ஆடி மாதத்தில் காந்திமதிக்கு ஒரு கை மட்டும் பட்டது. புரட்டாசியில் விரல் நுனி. மடத்துக் கூடம் அந்த வருஷம் கண்ணாடிபோல் இருந்தது.

ஐப்பசி வந்தது. மழை நாள். பந்தி முடியும் நேரம்.

காந்திமதி இலையை மடித்து எடுத்தார். ஒரு முழங்காலில் திரும்பினார். மறு பாதத்தை ஊன்றினார். நின்றார்.

தபால்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார். கை பட்ட ஈரம் இல்லை.

ஆவுடைநாயகம் இன்னும் கீழே. இலையும் கையுமாக மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

“கொஞ்சம் கை குடேன்,” என்றார்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கே,” என்றார் காந்திமதி. “மெதுவா எழுந்திருங்க. நான் நிக்கறேன்.”