காரின் அடிவயிற்றுச் சேறு

வேலங்குளம் மடத்தில் பழைய மோரிஸ் கார் ஒன்று உண்டு. பெரிய சாமி ஓட்டின கார். சாமி சமாதியான பிறகு மற்ற நாளில் அது அரிசி மூட்டை சுமக்கும்; குருபூஜையன்று மட்டும் சாமி காலில் போட்டிருந்த மரப் பாதக்குறட்டை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும். அந்தப் பாதக்குறட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரப் போவது யார் என்று மடத்துத் தலைவி தவமணியம்மாதான் சொல்ல வேண்டும்.

வடமலைக்கு அந்த இடத்தின்மேல் ஆசை. சாமி காலத்திலிருந்தே மடத்தில் கிடக்கிறவர், அம்மாவுக்கே வயதில் மூத்த சீடர். இந்த வருஷம் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார், புதுச் சீடன் சபாபதி வந்து சேருகிற வரைக்கும்.

பூஜைக்கு முந்தின நாள் காரைக் கழுவச் சொன்னார் அம்மா. சபாபதிக்கு மேல்பக்கம், வடமலைக்கு அடிப்பக்கம்.

காரை உயர்த்தி, கல் அண்டை கொடுத்து, கீழே சாக்கை விரித்து, சுரண்டியும் மண்ணெண்ணெய்த் துணியுமாக வடமலை உள்ளே நுழைந்தார். மல்லாந்தால் மூக்குக்கு நேரே இரும்பு. திரும்பினால் ஆட்களின் கால்கள். அவ்வளவுதான் தெரிந்தது.

பூக்காரம்மாவின் கால் வந்தது. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல மின்னுகிறதே என்று சபாபதியை மெச்சிவிட்டுப் போனது. சமையல்காரரின் கால் வந்தது. புதுக்கார் தோற்றது என்றது. யாரோ ஒருத்தர், வெளியே நீண்டிருந்த வடமலையின் காலைப் பார்த்து, இது யார், ஒர்க்‌ஷாப் ஆளா என்று விசாரித்தார்.

"நம்ம அண்ணன்தாங்க," என்றான் சபாபதி.

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். வடமலைக்கு மிளகாயை அரைத்துப் பூசினது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார். மேலே யார் வந்தாலும் காதும் கண்ணும் அங்கேதான்.

மத்தியானம் எழுந்து நேரே அம்மாவிடம் போனார். அம்மா அன்னதானத்துக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

நேற்று வந்தவனுக்கு ஊர் பார்க்கிற வேலை, நான் ஆயுசெல்லாம் கிடந்ததற்குச் சேற்று வேலையா என்று கொட்டித் தீர்த்தார் வடமலை. பாதக்குறட்டையும் அவனிடமே கொடுத்துவிடப் போகிறீர்களா என்றும் கேட்டார்.

அம்மா அரிவாள்மணையை மடக்கினார்.

"வேலை முடிஞ்சுதா அண்ணே?"

"பளிச்சுன்னு முடிச்சாச்சு."

அம்மா எழுந்து காரடிக்கு நடந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டோடு உள்ளே புகுந்துவிட்டார். வடமலை பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினார்.

டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. காலையில் யார் யார் வந்தார்கள் என்று அம்மா கேட்டார். வடமலை ஒருத்தர் விடாமல் சொன்னார். என்ன செருப்பு, யார் என்ன புகழ்ந்தார்கள், அதற்குச் சபாபதி எப்படிச் சிரித்தான், எல்லாம்.

"தலையை இப்படி நீட்டுங்க அண்ணே."

நீட்டினார். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய், இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. அங்கேயே தேய்த்துத் தேய்த்து உரித்துவிட்டிருந்தார் வடமலை. அதைச் சுற்றி, போன மழைக்காலத்துச் செம்மண் சேறு அப்படியே அப்பியிருந்தது. அதில் ஒரு வைக்கோல்கூட ஒட்டியிருந்தது.

வடமலைக்கு முகம் சுண்டிவிட்டது.

அம்மா வெளியே வந்து தலையில் உதிர்ந்த மண்ணைத் தட்டினார்.

"குறடு உங்க மடியிலதான் வரும். நேத்தே முடிவு பண்ணியாச்சு. அண்ணன்தான் உட்காரணும்னு சபாபதி வந்து கேட்டான்."

சுரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். வடமலையின் கை அதை வாங்க வரவில்லை. காரின் மறுபக்கம் சபாபதி கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

"யாருமே பார்க்காத இடம்மா அது," என்று முனகினார்.

"நீங்ககூடப் பார்க்கலையே அண்ணே," என்றார் அம்மா.