வெள்ளை ஓரம்

ஆற்றோரத்து ஊர் ஒன்றில், வைக்கோலைத் தின்னும் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியை ஒருவர் இருந்தார். ஜெய்னம்பு என்று பேர். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவருக்கு அவரைவிடப் பதினோரு வயது கூட. அமிர்தலிங்கம் என்கிற பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார். லீவு நாளில் பஸ் ஏறி வருவார். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். குருவும் சீடரும் அப்படித்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வெள்ளத்தில் ஊறிப்போன ஒரு வைக்கோல் போரின் அடியிலிருந்து சார் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். சாம்பல் நிறம். பார்த்தால் தொடத் தோன்றாது. ஆனால் அது விடுகிற நொதி இருக்கிறதே, வைக்கோலின் நாரை அப்படியே சர்க்கரையாக உடைத்துவிடும். தாளும் அதே மாதிரி நார்தான்; பூஞ்சை வளர்ந்த தண்ணீரில் ஒரு தாள் துண்டை நிறுத்தி வைத்தால், நாலே நாளில் தாள் கூழாகிவிடும்.

அறுப்பு முடிந்ததும் அவருடைய பள்ளிக்கூடத்தைச் சுற்றி வயலெல்லாம் வைக்கோலைக் கொளுத்துவார்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். பிள்ளைகள் இருமிக்கொண்டே கணக்குப் போடும். இந்தப் பூஞ்சை போதும், இனி யாரும் கொளுத்த வேண்டியதில்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆவணிக்குள் பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் தாளைக் கரைத்துக் காட்ட வேண்டும்.

முப்பது குழாயில் தாள் நிறுத்தினார். பத்து நாள் ஆயிற்று. முப்பதிலும் தாள் விறைப்பாக நின்றது.

மேடம் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எதுல வளருது சார்?"

"உருளைக்கிழங்குக் கஞ்சி, சர்க்கரை."

"ஆறு வருஷமுமா?"

"ஆமா மேடம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா புதுக் குழாய்க்கு மாத்திருவேன். ஒரு தடவைகூடத் தவறினதில்ல. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் வந்து மாத்திட்டுப் போனேன்."

குழாய் கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் சகாயமேரி திரும்பாமலே சொன்னார். "பாலும் பழமும்தான் பாக்கி. தொட்டில் கட்டாத குறை."

மேடம் சிரிக்கவில்லை.

"மாசம் ஒரு தடவை வெறும் வைக்கோல்லயும் வளர்த்துப் பாருங்கன்னு சொன்னேனே."

"பார்த்தேன் மேடம், முதல்ல. வைக்கோல்ல அது நோஞ்சானா வந்துச்சு. பார்க்கவே பாவமா இருந்துச்சு. அப்புறம் விட்டுட்டேன்."

"மாத்தும்போது எந்த இடத்துலேர்ந்து எடுப்பீங்க?"

சாருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஓரத்துல நல்லா வெள்ளையா, பஞ்சு மாதிரி எழும்பி நிக்கும் பாருங்க, அங்கேர்ந்துதான் எடுப்பேன். சாம்பலா, தட்டையா கிடக்கிற பக்கம் போகவே மாட்டேன்."

மேடம் குழாயைத் திரும்ப வைத்தார்.

"முதல் வருஷம், பின்னால உதவும்னு இந்தப் பூஞ்சையை மண்ணுல கலந்து நாலு பாட்டில் எடுத்து வச்சோமே, அது?"

"அது கெட்டுப்போயிருச்சு மேடம்."

"யார் சொன்னா?"

"கருத்துப்போய் அழுக்கா இருந்துச்சு. நானேதான் நீராவி ஆட்டோகிளேவ்ல வேக வச்சு..." சார் பாதியில் நிறுத்தினார்.

சகாயமேரி தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டபடியே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் போர் இருந்த வயல்?"

"பிளாட் போட்டுட்டாங்க. மூணடிக்கு மண்ணடிச்சாச்சு. வேற பதினேழு போர்ல தேடிட்டேன் மேடம். அந்த மாதிரி ஒண்ணு கிடைக்கல." அவர் குரல் தணிந்தது. "இது பழையபடி திரும்புமா?"

மேடம் ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கினார். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி வேக வைத்தார். ஆறியதும் ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பினார். சாருடைய குழாயிலிருந்து, அந்த வெள்ளை ஓரத்திலேயே ஒரு துளி எடுத்து நடுவில் வைத்தார்.

"பார்த்துக்கிட்டிருங்க."

"எத்தனை நாளைக்கு?"

"உங்களால முடியிற வரைக்கும்."

சார் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டார். காலையில் வந்தால் சாயங்காலம் வரை தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பூஞ்சை லேசாக இழை விட்டது. அவர் சகாயமேரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "வருது சார்" என்றார் சகாயமேரி. மூன்றாம் நாள் நின்றது. நான்காம் நாளும் அங்கேயே நின்றது. ஆறாம் நாள் பஞ்சு அமுங்கியது. எட்டாம் நாள் ஓரமெல்லாம் மஞ்சள் ஓடிச் சுருண்டது. சுற்றிலும் வைக்கோல் வைத்தபடியே இருந்தது. ஒரு துரும்புகூட நைந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மேடம் வந்து பக்கத்தில் நின்றார்.

"வைக்கோல்ல பொறந்தது மேடம்" என்றார் சார். "வைக்கோல் மேலயே பட்டினி கிடக்குது."

மேடம் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி விட்டா பிழைச்சுக்கும்" என்றார் சார். "விடட்டுமா?"

மேடம் அலமாரியைத் திறந்து சர்க்கரைக் கரைசலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"விடுங்க. இது பிழைச்சுக்கும்."

சார் பாட்டிலை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

"அப்போ அது, மேடம்? நான் போர்லேர்ந்து எடுத்தேனே, அது?"

"அதைத்தான் சார், சாம்பலா கிடக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் பழைய குழாய்லயே விட்டுட்டு வந்தீங்க."