பத்தாவது வண்டி

“ஒன்பது வண்டிகள் பார்த்துவிட்டேன் அம்மா. ஒன்பதிலும் குறை. நேற்று பார்த்த பத்தாவதில் குறை இல்லை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதும்.”

திருவேங்கடம் இதைச் சொன்னபோது மலைமேல் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் காலை வழிபாடு முடிந்திருந்தது. அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். அவர் அம்மா என்று அழைத்த உமையாள், அந்த ஆசிரமத்தின் குரு; அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், ஐயா?”

“உங்கள் சொல் இல்லாமல் வாங்க மனம் வரவில்லை.”

“ஏன்?”

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

“என்னென்ன பார்த்தீர்கள்?”

திருவேங்கடம் விரல் விட்டு எண்ணினார்.

“அடிச்சட்டம் நேராக இருக்கிறது, எங்கும் வெல்டிங் இல்லை. கதவுகளில் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒடுக்கை மறைக்கப் பட்டி வைத்துப் பூசிய இடம் இல்லை. நான்கு டயர்களும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றன. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கும் அளவும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரும் ஒத்துப்போகின்றன. பெரிய பிக்கப். பின்தொட்டியில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம்.”

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் தாழ்ந்தது.

ஒரு மாதத்துக்கு முன், மேல்குழி என்ற மலைச்சிற்றூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்காக, வண்டி கிடைக்காமல், மூங்கிலில் கட்டிய போர்வையில் கிடத்தி இறக்கினார்கள். பதினொரு கிலோமீட்டர். மூங்கிலின் ஒரு முனை திருவேங்கடத்தின் தோளில் இருந்தது.

தாய் பிழைத்தாள்.

மறுநாள் அவர் வண்டி தேடத் தொடங்கினார்.

உமையாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

அடிவாரத்தில், பழைய வண்டிகள் விற்கும் சென்னிமலை என்பவரின் தகரக் கொட்டகை. வெள்ளை பிக்கப், கழுவித் துடைத்து, முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டுடன் நின்றது.

“வாங்கம்மா, வாங்க! சாவி வண்டியிலயே இருக்குதுங்க. ஒரு திருகு திருகினாப் போதும், பாடும்!”

உமையாள் வண்டியைச் சுற்றி வரவில்லை. குனிந்து பார்க்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சூடாக இருக்கிறது.”

“வெயிலுங்கம்மா.”

உமையாள் மேலே பார்த்தார். தகரக் கூரை. அதற்கு அப்பால் மேகமூட்டம்.

சென்னிமலையும் மேலே பார்த்தார்.

“நீங்க வர்றீங்கன்னு கொஞ்சம் ஓட விட்டு வெச்சேனுங்க. ஒரு மரியாதைக்கு.”

உமையாள் திரும்பினார். “ஐயா, உங்கள் பணிமனையில் எஞ்சினைக் கிளப்பிச் சோதிப்பது சூட்டிலா, ஆறிய பிறகா?”

“ஆறிய பிறகுதான்,” என்றார் திருவேங்கடம், தரையைப் பார்த்து. “சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது.”

“அப்படியானால் ஆறட்டும்.”

ஒரு பழைய டயரின் மேல் அவர் அமர்ந்தார்.

*

தேநீர் வந்தது. மேகம் கலைந்து மறுபடி கூடியது. இரண்டாம் முறையும் தேநீர் வந்தது.

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தன நேரம் உக்கார மாட்டாங்கம்மா,” என்றார் சென்னிமலை.

“பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் உட்காரத்தானே வேண்டும்?”

சென்னிமலை சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“வெலையில வேணா கொஞ்சம் பாத்துக்கலாமுங்க.”

உமையாள் தேநீரைக் குடித்து முடித்தார்.

திருவேங்கடம் கொட்டகைக்குள் முன்னும் பின்னும் நடந்தார்.

“அம்மா, நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மேலே ஒருத்திக்கு வலி கண்டால்?”

“கண்டால்?” என்று உமையாளும் கேட்டார்.

திருவேங்கடம் நடப்பதை நிறுத்தினார்.

சென்னிமலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வண்டி எதுக்குங்கம்மா? காய்கறி ஏத்தத்தானுங்களே?”

“மேல்குழியிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களை இறக்க.”

சென்னிமலை கையில் இருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“அங்க ராத்திரியில பனி கொட்டுமேங்க.”

“கொட்டும்.”

சென்னிமலை வண்டியின் பக்கம் திரும்பினார். பிறகு யாரையும் பாராமல் சொன்னார்.

“குளிர்ந்து கெடந்தா ஸ்டார்ட் எடுக்காதுங்கம்மா. கம்ப்ரஷன் போயிருச்சு. நாலு பேரு தள்ளோணும். ஒருக்காச் சூடாயிருச்சுன்னா ஒரு கொறையும் தெரியாது.”

திருவேங்கடத்தின் முகம் சிவந்தது.

“நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்தானே நீங்கள்?”

“நீங்க கேக்கலீங்களே.”

“கேட்டால்தான் சொல்வீர்களா?”

“கேப்பீங்கன்னுதானுங்க நெனச்சேன். நேத்து வந்ததும் பானெட்டுல கை வெச்சீங்க. வெடுக்குனு எடுத்தீங்க. சரி, மாட்டிக்கிட்டேன்னு நின்னேன்.” சென்னிமலை தலையைச் சொறிந்தார். “நீங்க டயரைப் பாக்கப் போயிட்டீங்க.”



உமையாள் இன்னும் எழவில்லை.

திருவேங்கடம் வண்டியருகே போனார். பானெட்டின் மேல் கையை வைத்தார். முற்றிலும் ஆறியிருந்தது. கையை அவர் எடுக்கவில்லை.

“நேற்று சுட்டது, அம்மா.”

“பிறகு?”

“அந்த மூங்கிலை இன்னொரு முறை தோளில் வைக்க முடியாது என்று தோன்றியது.”

“பிறகு?”

“டயரைப் பார்க்கப் போய்விட்டேன்.”

உமையாள் எழுந்தார். வண்டிக் கதவைத் திறந்து சாவியை எடுத்தார். பானெட்டின் மேல் இருந்த அந்தக் கையைத் திருப்பி, அதில் வைத்தார்.

“இப்போது கிளப்பிப் பாருங்கள், ஐயா.”