சமயபுரத்தாள் படம் போட்ட நோட்டீஸ்

குரு என்றதும் ஜடாமுடி, ஆற்றங்கரை என்று யாரும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். என் குருவுக்கு முப்பத்து நாலு வயது. பெயர் ஜெசிந்தா. திருச்சியில் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டாவது மாடியில் இருக்கிறாள். வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து, டப்பாவில் அடைத்து ஆபீஸ்களுக்கு அனுப்புகிறாள்.

சிஷ்யையான எனக்கு ஐம்பத்தொன்று. பெயர் இந்திராணி. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கோபம் எனக்கு அப்பா வழிச் சொத்து. மற்ற சொத்தையெல்லாம் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியதிலிருந்து, மாவு விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும். தினம் பன்னிரண்டு கிலோ அரைப்பேன். பாதி விற்காது. மறுநாள் அது பொங்கிப் புளித்து நிற்கும். வயிறெரிந்துகொண்டே சாக்கடையில் ஊற்றுவேன்.

ஒருநாள் ஜெசிந்தாவிடம் போய் நேராகவே கேட்டேன்.

"உனக்கு போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. எப்படிம்மா இவ்வளவு ஆர்டர் வருது?"

அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"போன் வந்தா எடுக்கறேன்க்கா."

"ஊர்ல எல்லாரும்தான் எடுக்கறாங்க."

"ஆமாக்கா."

அவ்வளவுதான். மறுபடி வாழைக்காய். ரகசியத்தை மறைக்கிறாள், அமுக்குணி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் தயவு எனக்கு எதற்கு, நானே விளம்பரம் பண்ணிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு படியிறங்கினேன்.

கையில் இருந்த காசு ஒரே ஒரு தடவை நோட்டீஸ் அடிக்கத்தான் போதும். அதிலும் மட்டமான தாள், ஒரே கலர். அச்சகத்துக்காரர் உண்மையைச் சொன்னார்.

"நோட்டீஸை யாரும்மா படிக்கறா? பேப்பரை உதறும்போதே கீழ விழும். இல்லைன்னா வடையை வெச்சு எண்ணெய் பிழிஞ்சு எறிவாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. நோட்டீஸில் பாதிக்கு மேல் சமயபுரம் மாரியம்மன் படம். கீழே பொடி எழுத்தில் மாவு, விலாசம், போன் நம்பர். ஆத்தா படத்தை எவன் கசக்குவான்? எவள் வடை பிழிவாள்? ஆறு மாசம் ஆனாலும் வீட்டிலேயே இருக்குமே! அச்சகத்துக்காரர் வாயடைத்துப் போனார். நான் மகாராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாயிரம் நோட்டீஸ். பேப்பர் போடுகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சுற்றுவட்டாரம் முழுக்க எல்லாப் பேப்பருக்குள்ளும் வைக்கச் சொன்னேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். பழைய சாமி காலண்டர், கண்ணாடி உடைந்த சாமி படம் எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் குப்பையில் போட மாட்டார்கள். கோவில் அரசமரத்தடியில் கொண்டுவந்து சாத்தி வைத்துவிட்டுப் போவார்கள்.

மரத்தைச் சுற்றி என் நோட்டீஸ்.

ஒன்றா இரண்டா, நூற்றுக்கணக்கில் கிடந்தது. எவ்வளவு பக்தி என்கிறீர்கள்! காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருந்தார்கள். ஒரு புண்ணியவதி குங்குமம் வேறு வைத்திருந்தாள். அதையும் சரியாக என் போன் நம்பர் மேல் அப்பியிருந்தாள்.

பிள்ளையாரைக் கும்பிடக்கூட இல்லை. ஒரு கத்தை நோட்டீஸை அள்ளிக்கொண்டு நேராக ஜெசிந்தா வீட்டுக்கு ஏறினேன். மதியச் சாப்பாடெல்லாம் போய்விட்டிருந்தது. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கத்தையை அவள் சாப்பாட்டு மேஜையில் அடித்தேன்.

"பாத்தியா இந்த ஊர் லட்சணத்தை? நாசமாப் போறவங்க! இருந்த காசையெல்லாம் கொட்டி அடிச்சது!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கும் வந்துச்சுக்கா. எனக்கும் தூக்கிப் போட மனசு வரல. அலமாரியில வெச்சிருக்கேன்."

"உன்னை யாரு அலமாரியில வெக்கச் சொன்னது? மாவு வாங்கத்தானே அடிச்சேன்!"

"போனே வரலியாக்கா?"

"வந்துச்சு, பன்னெண்டு போன். ஒண்ணாவது உருப்படியா இருக்கணுமே? ஒரு ஆளு வீடு எங்கன்னு கேக்கறான். நோட்டீஸ்லதான் போட்டிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டேன்."

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கேக்கா."

"கண்ணாடி போட்டுப் பாக்கறது! இன்னொருத்தி அரைக் கிலோ தருவீங்களாங்கறா. அரைக் கிலோ வாங்கி என்ன பண்ணப்போற, நெத்தியில பூசிக்கப்போறியான்னேன்."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. எனக்கு உட்காருகிற நிலைமையா?

"ஒருத்தி, எங்க ஹாஸ்டல்ல புள்ளைங்க அறுவது பேருன்னு என்னமோ கதையை ஆரம்பிக்கறா. இங்க ஹாஸ்டல் எதுவும் நடத்தல, நம்பரைப் பாத்துப் போடுன்னு வெச்சுட்டேன். எல்லாம் வேலைவெட்டி இல்லாததுங்க!"

"ஹாஸ்டலா?"

"ஆமா. அதை விடு. நீ மட்டும் உன் ரகசியத்தைச் சொல்லியிருந்தா நான் ஏன் இப்படிச் சீரழியறேன்? நேரடியா கேட்டேன். அமுக்கிட்ட. நான் நாலு காசு பாத்தா உனக்கு ஆகாது, இல்ல?"

இதைச் சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உக்காருங்க. மொட்டை மாடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பார்த்தீர்களா கொழுப்பை? ஒருத்தி வயிறெரிந்து நிற்கிறாள், இவளுக்குத் துணி முக்கியம். நான் அந்த அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"யாரு?"

"மாவு அக்காங்களா? நோட்டீஸ் பாத்தேன்." காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருந்தது. இருக்கிற ஆத்திரத்தில் அதையெல்லாம் யார் யோசித்துக்கொண்டிருப்பார்கள்?

"பாத்தா? என்ன வேணும்?"

"மாவு இன்னைக்கு அரைச்சதுங்களா?"

"பின்ன, போன தீபாவளிக்கு அரைச்சதையா விப்பேன்?"

"இல்லக்கா, எங்க மாமியாருக்குப் புளிப்பு ஆகாது. டாக்டரு வேற—"

"புளிப்பு ஆகலைன்னா கஞ்சி காய்ச்சி ஊத்து! மாவு வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா போனை வை. உங்க மாமியார் கதையைக் கேக்கவா நான் நோட்டீஸ் அடிச்சேன்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேசு!"

வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு தோளில் காய்ந்த துணி. காதில் போன். அவளுடைய வழக்கமான போன் இல்லை. ஆர்டருக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஜெசிந்தா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள். அவள் மாமியாருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது இந்தக் குடியிருப்புக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

"அடிப்பாவி, நீயா? என்னை வெச்சு விளையாடறியா?" என்றேன்.

குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"விளையாடலக்கா. எங்க அத்தைக்கு நிஜமாவே மாவு வேணும். டாக்டரு இட்லி குடுக்கலாம், புளிக்காம பாத்துக்கங்கன்னாரு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"என்கிட்ட நேர்லயே கேட்டிருக்கலாமே? உனக்கில்லாத மாவா?"

"நேர்ல கேட்டா ஜெசிந்தாவுக்குக் கிடைக்கும்க்கா. நோட்டீஸ் பாத்துட்டுக் கேட்டா என்ன கிடைக்கும்னு பாத்தேன்."

சண்டை போட வாயைத் திறந்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

"பன்னெண்டு பேர்கிட்டயும் இப்படித்தான் பேசினேன்" என்றேன்.

அவள் இல்லை என்று சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"இன்னொரு தடவை நோட்டீஸ் அடிக்க என்கிட்ட காசில்லம்மா. இனி மாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். கிரைண்டரைத் தூக்கி வித்துட்டுப் போறேன்."

"அந்த ஹாஸ்டல் அம்மா நம்பர் போன்ல இருக்குமே?"

தேடினேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நாற்பது விநாடிகூடப் பேசவில்லை.

"கூப்பிடுங்க."

"அந்தம்மா காறித் துப்பும்."

"துப்பட்டும்."

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். மணி போக ஆரம்பித்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"எடுத்துட்டா? எடுத்தா நான் என்னத்தைடி சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் ஜெசிந்தா. "அவங்க இன்னும் பேசி முடிக்கல."