பாதிப் பந்தியில் எழுந்தவர்

"வயிறு வலிக்கும்மா. ஆனா வயித்துல ஒண்ணும் இல்லங்காங்க."

ஆவுடையப்பன் அண்ணாச்சி எங்கள் மடத்துக்குள் காலை வைத்ததும் பேசிய முதல் பேச்சு இதுதான். ஒரு வணக்கம்கூடக் கிடையாது. கையில் பெரிய பை, பை நிறைய ஸ்கேன் படம்.

மடத்தை நடத்துகிற அம்மா ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணும் இல்லதான்."

"நீங்களுமா!" என்று அவர் பையைத் தொப்பென்று தரையில் போட்டார்.

அம்மாவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோமதியம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். முன்னே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். குடலையும் மூளையையும் சேர்த்து வைத்து ஆராய்ச்சி பண்ணியவர்கள். அதை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "இங்கன நல்லா பசிக்கி" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நான் பிச்சையா. மடத்தில் சமைக்கிறவன், பரிமாறுகிறவன், ஏச்சு வாங்குகிறவன்.

அண்ணாச்சி பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட ரொம்ப மூப்பு.

"பாக்குற டாக்டரெல்லாம் இதையேதான் சொல்லுதான். எம் பொண்டாட்டிகூட இப்ப நம்ப மாட்டேங்கா. நான் என்ன நடிக்கவா செய்யுதேன்? டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சிய ஏறும்போதே கண்டுபிடிச்சவன்மா நான். பொய் எது, நெசம் எதுன்னு எனக்கா தெரியாது?"

"கைய நீட்டுங்க."

நீட்டினார்.

"கண்ண மூடிக்கிடுங்க."

மூடினார். அம்மா அவர் உள்ளங்கையைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார்கள்.

"வலிக்கா?"

"இல்ல."

"ஏ பிச்சையா! கோணி ஊசி எங்க கெடக்கு?"

"அடுப்படியிலதாம்மா."

"நல்லா பழுக்கக் காய்ச்சி எடுத்துட்டு வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசிச் சாக்குத் தைக்கிற ஊசி அது. ஒரு சாண் நீளம் இருக்கும். இருந்தாலும் அம்மா சொன்னால் சொன்னதுதான். காய்ச்சி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன்.

"பழுத்துட்டா?"

"செக்கச்செவேல்னு இருக்கும்மா."

அண்ணாச்சிக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கண்ணை மட்டும் திறக்கவில்லை. வீராப்பு!

அம்மா அதே கட்டைவிரலால், அதே இடத்தில், அதே மாதிரி அமுக்கினார்கள்.

"ஐயோ! செத்தேன்!"

கையை உதறிக்கொண்டு கண்ணைத் திறந்தார். ஊசி என் இடுக்கியில், வாசலில் இருந்தது.

"வலிச்சுதா அண்ணாச்சி?"

"வலிச்சுதாவா? உசுரு போயி உசுரு வந்துச்சு!"

"ஊசி குத்துச்சா?"

உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல."

"அப்ப நடிச்சியளா?"

"யாரு, நானா? எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுதேன். வலிச்சுதும்மா!"

"நம்புதேன்," என்றார்கள் அம்மா. "அந்த வலியையும் நம்புதேன். வயித்து வலியையும் நம்புதேன்."

பெரிய மீசை வைத்த மனுசன், அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் ஊசியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"இத்தன வருசத்துல நம்புனவக நீங்க ஒருத்தகதாம்மா," என்றார். "இதுக்கே ஒங்களுக்குக் கோடி புண்ணியம். குணமாகாட்டாலும் பரவால்ல."

"குணத்த அப்புறம் பாப்போம். மொதல்ல மோர் குடிங்க."

குடித்தார். குடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அப்ப இது எங்கேருந்தும்மா வருது?"

"ஆராய்ச்சியில குடலுக்குள்ள சின்னதா ஒரு பலூன விட்டு ஊதிப் பாப்போம். ஒரே அளவு காத்துதான். ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னொருத்தர் துடிச்சிருவாரு. அந்த நேரத்துல அவரு மூளையப் படம் எடுத்தா, வலிய உணருற இடமெல்லாம் நெசமாவே முழிச்சிக்கிட்டு இருக்கும். பயமுறுத்திட்டு ஊதினா இன்னும் கூடும்."

"மூளைக்கும் குடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டு பக்கமும் பஸ் ஓடுற ரோடு அண்ணாச்சி. மேலேருந்து கீழ வர்ற பஸ்ஸ யாருமே செக் பண்றதில்ல."

அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"இப்ப சொல்லுங்க. எதுக்குப் பயப்படுதிய?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"பந்திக்கு," என்றார்.

பிறகு கொட்டிவிட்டார். மகள் பகவதிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். நல்ல இடம். நிச்சயம் பண்ணின அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் முதல்முதலாகக் கை நனைத்தார்கள். சம்பந்தி குத்தாலிங்கம் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து உபசரித்திருக்கிறார். சாம்பார் ஊற்றும்போதே அண்ணாச்சிக்கு வயிற்றைப் பிடித்துவிட்டது. பாதிப் பந்தியில் எழுந்து போய்விட்டார்.

"திரும்பி வரவே இல்லம்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர? அவங்க வீட்டுப் பொம்பளைங்க, 'சோறு பிடிக்கலயா, சம்பந்தம் பிடிக்கலயா'ன்னு என் காதுபடவே பேசுனாங்க. சம்பந்தி ஒரு வார்த்த பேசல. வைகாசியில கல்யாணம். நான் சம்பந்தி பந்தியில உக்கார மாட்டேன், சீக்குன்னு சொல்லிருங்கன்னேன். எம் மவ என்ன சொல்லுதா தெரியுமா? 'நீங்க பந்தியில உக்காரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்'ங்கா."

"சொன்னா செய்வாளா?"

"என்னப் போலத்தான் அவளும். செய்வா."

"இங்கனயே இருங்க அண்ணாச்சி," என்றார்கள் அம்மா.

எங்கள் மடத்துப் பந்திக்கு ஒரு முறை உண்டு. அம்மா இலையை மடிக்கிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. முதல் நாள் அண்ணாச்சி அந்தப் பந்தியில் உட்கார்ந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் சோற்றை வைக்கும் முன்னாலேயே முகம் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் நான் ரசம் ஊற்றிக்கொண்டு வருகிறேன். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள்!

கரண்டியோடு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் எழவா வேண்டாமா என்று முழித்தார்கள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் வந்துருதேன்," என்று அம்மா வெளியே போனார்கள். முற்றத்தில் கொஞ்சம் நடந்தார்கள். மலையைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, உட்கார்ந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

"பிச்சையா, ரசம்."

ஊற்றினேன். எந்த மடத்தில் நடக்கும் இந்தக் கூத்து?

கை கழுவும்போது அண்ணாச்சி கேட்டார்: "ஏம்மா எந்திரிச்சிய?"

"எந்திரிக்கணும் போல இருந்துச்சு."

"பந்தி மொற என்னம்மா ஆவுறது?"

"என்ன ஆச்சு? சோறு எந்திரிச்சு ஓடிட்டா?"

அதற்கு அடுத்த நாள் அண்ணாச்சி எழுந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனார், வந்தார், சாப்பிட்டார். மறுநாளும் எழுந்தார். ஒரே வேளையில் இரண்டு தடவை எழுந்த நாளும் உண்டு. வேண்டுமென்றேதான் எழுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். நடை பழகுகிற பிள்ளை மாதிரி எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். எனக்கு எரிச்சல். ஆறிப்போன சோற்றை யார் சூடு பண்ணுவது?

அப்புறம் ஒரு நாள் முழுப் பந்தியும் உட்கார்ந்திருந்தார். அவருக்கே தெரியவில்லை. நான்தான் கவனித்தேன். மோருக்கு ஊறுகாய் கேட்டார்! ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணம் ஆன அன்றைக்குக்கூட இல்லை.

அம்மா காலில் விழப் போனார் அவர். அம்மா விலகிக்கொண்டார்கள்.

"இது எங்க பந்தி அண்ணாச்சி. ஒங்க பயம் இங்கனயா இருக்கு?"

"வேற எங்க?"

"போயி சம்பந்திகிட்ட சொல்லுங்க. எனக்கு இன்ன மாதிரி சீக்கு, பாதியில எந்திரிக்க வேண்டி வரும், தப்பா நெனைக்காதியன்னு."

"கல்யாணத்துக்கு முன்னாலயா? கோட்டி புடிச்சிருக்காம்மா எனக்கு? பொண்ணக் குடுக்குறவன் போயி, 'எனக்குக் கொடலு சரியில்ல'ன்னு சொல்லவா? மானம் கப்பலேறிரும்!"

"பிச்சையா, அந்தக் கோணி ஊசிய எடு."

"வேண்டாம்மா! போறேன்!"

மடமே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது முகம் சிறுத்திருந்தது.

சில நாள் கழித்துப் போன் வந்தது.

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டாரு. காப்பி குடுத்தாரு."

"அது போதும்."

"நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலயேம்மா. எனக்குத் தூக்கம் வரல."

"எனக்குந்தான் தெரியல," என்று அம்மா போனை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு என்னை ஏசினார்கள்.

வைகாசி முடிகிற நேரம் அண்ணாச்சி வந்தார். கையில் அல்வா. பின்னால் பகவதி, புதுத் தாலியோடு. பக்கத்தில் மாப்பிள்ளை. அவள் மணையில் உட்கார்ந்துவிட்டாள் என்று அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. வந்ததும் வராததுமாகக் கோமதியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அண்ணாச்சியைத்தான் பார்த்தார்கள்.

"பந்தியில உக்காந்தியளா?"

"உக்காந்தேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எந்திரிச்சியளா?"

"எந்திரிச்சேம்மா. சரியா பாயசம் ஊத்துற நேரம். வீடியோக்காரன் வேற எடுத்துக்கிட்டு இருக்கான்."

"சம்பந்தி?"

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திரும்பி வந்து பாக்கேன். பந்தி அப்படியே உக்காந்திருக்கு. எல்லாரு எலையிலயும் பாயசம். ஒருத்தரும் தொடல. பேசுன பொம்பளைங்களும் தொடல. குத்தாலிங்கம் தோள்ல கெடந்த துண்ட எடுத்து, எம் எலையில ஈ உக்காராம விசிறிக்கிட்டு இருக்காரு. 'வாங்க சம்பந்தி, பையவே வாங்க, பாயசம் எங்க போயிரப் போவுது'ன்னாரு. ஏழேழு சென்மத்துக்கும் அந்த மனுசனுக்கு நான் கடன்பட்டவம்மா."

பகவதி விம்மினாள். மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் பாடும் அதுதான்.

அம்மா மட்டும் விடவில்லை.

"அப்புறம்?"

"உக்காந்து சாப்ட்டேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டேன்."

"வலி?"

அண்ணாச்சி மூக்கைத் துடைத்தார்.

"அதுவும் பக்கத்துலதாம்மா வந்து உக்காந்துச்சு. நான் அதுக்கு எல போடல."